கரட்டூர் மங்கல்

கரட்டூர் பேருந்து நிலையம் மங்கிப்போனது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஏழேகால் மணிக்கு. பருத்திப்பால் விற்கும் ரங்காயியின் காதோரத்திலிருந்து நாலடி பின்னால் தொடங்கி, மூன்றாம் நடைமேடையும், பழக்கடையும், புறப்படத் தயாராக உறுமிக்கொண்டிருந்த ராசிபுரம் பஸ்ஸும், அதன் படியில் நின்று பல் குத்திக்கொண்டிருந்த நடத்துநரும், பஸ்ஸின் கூரைக்கு மேல் தெரிந்த வேப்பமரமும், ஈரத்துணியால் ஒற்றியெடுத்த கோலம் போல ஓரம் கரைந்து, ஒன்றுக்குள் ஒன்று இளகி நின்றன. ரங்காயி மட்டும் மூக்குத்திக் கல்லில் பட்டை எண்ணலாம் என்கிற அளவுக்குத் துலக்கமாக நின்றாள். நடத்துநர் தன் கையைப் பார்த்தார், விரல் ஐந்தும் இருக்கிறதா என்று தடவிப் பார்த்தார், இருந்தன, விசில் ஊதினார். பஸ் மங்கலுக்குள்ளிருந்து மெல்ல வெளியே வந்து, மெயின் ரோட்டில் ஏறியதும் பழையபடி பளிச்சென்றாகி, வழக்கம்போல ஐந்து நிமிடம் தாமதமாகப் போய்ச் சேர்ந்தது. பேருந்து நிலையம் மட்டும் மங்கியது மங்கியபடியே இருந்தது.

எதிரே ஒரு காலை மடக்கி உட்கார்ந்து படம் எடுத்த கலாமணி, கேமராவிலிருந்து கண்ணை எடுத்ததும் முதலில் படத்தைப் பார்த்தாள், அப்புறம்தான் பேருந்து நிலையத்தைப் பார்த்தாள். இரண்டும் ஒன்றாக இருந்தன. படம் அருமையாக வந்திருந்தது.

கலாமணிக்கு நாற்பத்தாறு வயது. இருபது வருடமாக முட்டைக் கிடங்கில், இருட்டறையில், ஒவ்வொரு முட்டையையும் விளக்குக்கு எதிரே பிடித்து, உள்ளே ரத்தப் பொட்டு இருக்கிறதா, ஓட்டில் மயிரிழை விரிசல் ஓடுகிறதா என்று பார்த்துத் தள்ளுகிற வேலை. ஒரு நாளைக்கு எட்டாயிரம் முட்டை. வெளிச்சம் ஒரு பொருளுக்குள் எப்படிப் போகும், எங்கே தயங்கும், எதைக் காட்டிக்கொடுக்கும் என்பதை அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அதனால்தான் மகள் படித்து முடித்துக் கோயம்புத்தூரில் வேலைக்குப் போன மறு மாதமே, கால்நடை மருத்துவர் அர்த்தநாரி புதுசு வாங்கிவிட்டு ஒதுக்கிய பழைய கேமராவை வாங்கிக்கொண்டு, அவரும் இன்னும் நாலு பேரும் நடத்தி வந்த ஞாயிற்றுக்கிழமைக் கேமராக் குழுவில் சேர்ந்தாள். சேர்ந்த இரண்டாம் வாரமே அவர்களுடைய படங்களில் என்ன குறை என்று சொல்ல ஆரம்பித்துவிட்டாள்.

கேமராவோடு கூடவே வந்த லென்ஸ் அவளுக்குப் பிடிக்கவில்லை. அது கல்யாணப் பந்தி சாம்பார் மாதிரி, எந்த இலைக்கும் ஓடும், எந்த நாக்கிலும் நிற்காது. கேமராவையே மாற்றிவிடலாமா என்று கேட்டதற்கு, பறவை பிடிக்கச் சுரைக்காய் நீளத்துக்கு ஒரு லென்ஸ் வைத்திருந்த அர்த்தநாரி, கேமராவில் காசைக் கொட்டாதே, அது மூன்று வருடத்தில் பழசாகிவிடும், லென்ஸில் போடு, அது நம்மைவிட அதிக நாள் இருக்கும் என்றார். அவர் சொன்னது ஐம்பது மில்லிமீட்டர் லென்ஸ். பெரிதாக்கவும் முடியாது, சிறிதாக்கவும் முடியாது, கிட்டே வேண்டுமென்றால் நாம்தான் நடந்து போக வேண்டும், ஆனால் மனித முகத்துக்கு அதைப்போல் ஒன்று கிடையாது. புதிது என்ன விலை என்று விசாரித்துவிட்டு, கலாமணி ஈரோட்டில் பழைய லென்ஸ் விற்கும் கடைக்குப் போய், அதில் ஐந்தில் ஒரு பங்கு விலைக்கு, கையால் திருகுகிற, இரும்பு மாதிரி கனக்கிற ஒரு பழைய ஐம்பதைத் தேடி எடுத்தாள். கடைக்காரர் நேர்மையானவர். லென்ஸின் நடுவில் கண்ணின் பாப்பா மாதிரி ஒரு துளை உண்டு, அதைச் சுருக்கினால் முன்னும் பின்னும் எல்லாம் தெளியும், விரித்தால் ஒன்று மட்டும் தெளிந்து மற்றதெல்லாம் கரையும், இந்த லென்ஸில் எண்ணெய் இறங்கி அந்தத் துளை ஒட்டிப்போய்விட்டது, ஒன்று புள்ளி எட்டு என்கிற முழு அகலத்தில் விரிந்தது விரிந்தபடிதான், இனிமேல் சுருங்காது என்று விளக்கினார்.

“சுருக்கறதுக்கா லென்ஸ் வாங்கறோம்?” என்று கேட்டுவிட்டு, கேமராவில் மாட்டுவதற்கான வளையத்தையும் சேர்த்து வாங்கி வந்தாள்.

இதில் அவளை மட்டும் குறை சொல்ல முடியாது. ஒன்று புள்ளி எட்டு லென்ஸ் வாங்கியவர்கள் எல்லோருமே முதல் ஆறு மாதத்துக்கு அதை முழுசாகத் திறந்து வைத்துத்தான் எடுப்பார்கள். இட்லிக்கும் அதுதான், தேருக்கும் அதுதான், ஐம்பது பேர் வரிசையாக நிற்கிற குடும்பப் படத்துக்கும் அதுதான். பின்னணி கரைவது அவ்வளவு பெரிய போதை. மற்றவர்களுக்கு அந்தப் போதை படத்தோடு நின்றது, கலாமணிக்கு ஊர் வரைக்கும் வந்தது, அவ்வளவுதான் வித்தியாசம்.

ஊர் அதைப் பழகிக்கொண்டது. பேரூராட்சித் தலைவி ருக்குமணி வந்து பார்வையிட்டு, ‘மங்கல் பகுதி, மெதுவாகச் செல்லவும்’ என்று பலகை வைக்கச் சொன்னார். ஊழியர்கள் அதை மங்கலுக்குள்ளேயே நட்டுவிட்டதால் யாராலும் படிக்க முடியாமல், ஒரு வாரம் கழித்துப் பிடுங்கிப் பத்தடி முன்னால் நட்டார்கள். நடத்துநர்கள் ஊர்ப்பெயரைக் கூடுதலாக இரண்டு தரம் கூவினார்கள். சாயங்காலம் ஆனால் பேருந்து நிலையத்து விளக்குகள் ஒவ்வொன்றும் தோசை அகலத்துக்கு வட்டமாக விரிந்து தொங்க, அதைப் பார்க்கப் பக்கத்து ஊர்களிலிருந்து குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். கலாமணி அடுத்த ஞாயிறு மாரியம்மன் கோயில் வளைவுக்கு முன்னால் பூக்காரியை எடுத்தாள், வளைவு மங்கியது. அதற்கடுத்து லாரிப் பட்டறை, நூலகம், கால்நடை மருந்தகம், புதிதாகக் கட்டிய ஒரு மாடிவீடு, ரேஷன் கடைக்குப் பின்னால் இருக்கும் சந்து என்று ஒன்றரை வருடத்தில் ஏழு இடங்கள் மங்கின. மாடிவீட்டுக்காரர் புதுமனை புகுவிழாவுக்கு ஒரு வாரம் இருக்கையில் இப்படிச் செய்துவிட்டாயே என்று சண்டைக்கு வந்தார். விழாவுக்கு வந்த சொந்தபந்தத்தில் ஒருவரால்கூடப் பூச்சில் ஒரு குறை கண்டுபிடிக்க முடியவில்லை என்றதும், ஒரு தட்டு லட்டு கொடுத்தனுப்பினார்.

ரேஷன் கடைச் சந்துக்குத்தான் மவுசு அதிகம். கணக்கு டீச்சர் புஷ்பவல்லி பள்ளி விட்டதும் அங்கே போய், கல்லின் மேல் காலைத் தூக்கிப் போட்டுக்கொண்டு, யாருக்கும் பதில் சொல்லாமல் இரண்டு போண்டா தின்றுவிட்டு வீட்டுக்குப் போனாள். வரப்புத் தகராறில் பதினோரு வருடமாகப் பேசாத அண்ணன் தம்பி இரண்டு பேர், பக்கத்தில் உட்கார்ந்திருப்பது யாரென்று தெரியாததுபோல அங்கே உட்கார்ந்து, மழையைப் பற்றியும் அம்மாவின் சர்க்கரையைப் பற்றியும் பேசிக்கொண்டார்கள். மங்கலுக்குள் பேசிய பேச்சு பஞ்சாயத்தில் செல்லாது என்று ஒரு வழக்கம் தானாக ஏற்பட்டது. மருமகள்கள் சிலர் கலாமணியிடம் வந்து, எங்கள் மாமியார் வீட்டு வாசலில் ஒரு படம் எடுத்துக் கொடுங்களேன் என்று கேட்டார்கள். நான் முன்னால் நிற்கிறவர்களைத்தான் எடுக்கிறேன், பின்னால் என்ன இருக்கிறது என்று பார்ப்பதே இல்லை என்று அவள் பெருமையாகச் சொல்லி அனுப்பிவிட்டாள்.

கட்டடம் ஒரே கிளிக்கில் மங்கும். மனிதர்கள் அப்படியில்லை, ஒரு தடவை பின்னணியில் மாட்டினால், ஒரு வேளைச் சாப்பாடு இறங்குவதற்குள் தெளிந்துவிடுவார்கள். அதனால் மனிதர்களைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை.

கலாமணியின் கணவர் நாச்சிமுத்து முட்டை லாரி ஓட்டுகிறவர். வாரத்தில் மூன்று தடவை பாலக்காட்டுக்கு லோடு போவார், இருபத்தேழு வருடத்தில் ஒரு தட்டு முட்டைகூட அவர் வண்டியில் உடைந்து கணக்கில் வந்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை அவளுடைய பையைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே வருவார். அவருக்கென்று ஒரு வேலை இருந்தது, பின்னணியைச் சுத்தம் செய்வது. முகத்துக்குப் பின்னால் ஒரு பச்சை பிளாஸ்டிக் குடம் இருந்தால் கண் அங்கேதான் போகும் என்பாள், அவர் போய்க் குடத்தை எடுப்பார். கொடியில் காயும் துணியை இழுப்பார், நாயை விரட்டுவார், சாய்ந்திருக்கும் சைக்கிளை நகர்த்துவார். நகர்த்திவிட்டு நிமிர்வதற்குள் அவள் கண்ணைக் கேமராவில் வைத்திருப்பாள், வெளிச்சம் போய்க்கொண்டிருக்கும். நான் நகரட்டுமா என்று அவர் அங்கிருந்தே கேட்பார்.

“வேண்டாமுங்க, அப்படியே இருங்க. எப்படியும் மங்கிரும்.”

அவர் அப்படியே இருந்தார். எண்பது ஞாயிற்றுக்கிழமைகள், ஒவ்வொன்றிலும் நூறு நூற்றைம்பது படங்கள், அத்தனைக்கும் பின்னால் கையில் ஒரு குடத்தோடோ துடைப்பத்தோடோ அவர் நின்றார். ஒரு வேளைச் சாப்பாட்டில் தெளிந்துவிடுகிற மங்கல் அடுத்த வேளைச் சாப்பாட்டுக்கும் தெளியாமல், அடுத்த ஞாயிறு மேலும் ஒரு படலம் ஏறி, முதலில் மீசையின் நுனிகள் போயின, அப்புறம் காது மடல், அப்புறம் கன்னத்துக்கும் கழுத்துக்கும் நடுவில் இருந்த கோடு. தினமும் பார்க்கிற முகம் என்பதால் கலாமணிக்குத் தெரியவில்லை. அவளுடைய கண் பார்த்ததைவிட அவளுடைய ஞாபகம் பார்த்ததுதான் அதிகம். வீடியோவில் பேசிய மகள், அம்மா அந்த போனைக் கொஞ்சம் துடைங்களேன் என்றாள், இவள் துடைத்தாள். லாரி ஆபீசில் அவர் குரல் கொடுத்த பிறகுதான் சாவி கொடுத்தார்கள். அவர் அதைப் பற்றி வீட்டில் சொல்லவில்லை. சும்மா ஒரு தொந்தரவும் இல்லாமல் இருந்தது அவருக்கு, வழியில் யாரும் நிறுத்தி வைத்து ஊர்க்கதை பேசுவதில்லை.

ஓட்டுநர் உரிமத்தைப் புதுப்பிக்க வேண்டிய மாதம் வந்தபோதுதான் விஷயம் வீட்டுக்குள் வந்தது. உரிம அலுவலகத்தில் அவரை ஸ்டூலில் உட்காரவைத்து நாலு தடவை படம் எடுத்தார்கள். ஐந்தாம் தடவை கேமராவைத் துடைத்துவிட்டு எடுத்தார்கள். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் கரட்டூர்க்காரர் என்பதால் ஆச்சரியப்படவில்லை, வருத்தம்தான் பட்டார். முகம் விழமாட்டேன் என்கிறது, மாதக் கடைசிக்குள் தெளிந்துவிட்டு வாருங்கள், முகமில்லாத உரிமத்தை நான் எப்படிக் கொடுப்பது என்றார். மாதக் கடைசிக்குப் பதினெட்டு நாள் இருந்தது. அதற்கப்புறம் வண்டியை வேறு ஓட்டுநருக்குக் கொடுத்துவிடுவதாக லாரி முதலாளி முன்கூட்டியே, மரியாதையாகத்தான், சொல்லியனுப்பினார்.

கலாமணி அவரைக் கிணற்றடிக்குக் கூட்டிப்போய், வெயில் விழும் இடத்தில் நிறுத்தி, முட்டை பார்க்கிற கண்ணால் பார்த்தாள். எதிரே ஒரு ஆள் உயரத்துக்கு, வெள்ளைச் சட்டை போட்ட, அன்பான ஒரு கலங்கல் நின்றது.

“ஏனுங்க, உங்களுக்கு அந்த மச்சம் எந்தக் கன்னத்துல?”

“எனக்கெப்படித் தெரியும் புள்ளே. நாந்தான் கண்ணாடியே பாக்கறதில்லையே. உனக்குத் தெரியுமில்ல?”

அவளுக்குத் தெரியவில்லை. எட்டாயிரம் முட்டையில் எதில் பொட்டு இருந்தது என்று மாலையில் கேட்டாலும் சொல்லக்கூடியவள், இருபத்தாறு வருடம் கூட வாழ்ந்த முகத்தில் ஒரு மச்சத்தை இடமா வலமா என்று சொல்ல முடியாமல் கிணற்றடியில் நின்றாள். உரிமம் ஒரு பக்கம் இருக்கட்டும், இன்னும் நாலு ஞாயிறு இப்படிப் போனால் அந்த முகம் ஊரில் எந்தக் கண்ணிலும், எந்த நினைப்பிலும் இருக்காது என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அழவில்லை. நான் எடுத்த படம், நானே சரிசெய்கிறேன் என்று உள்ளே போய்க் கேமராப் பையை எடுத்து வந்தாள்.

முதலில் கேமராவோடு கூட வந்த லென்ஸில் எடுத்துப் பார்த்தாள். அது மங்கலை மங்கலாகவே, நாணயமாக எடுத்துக் கொடுத்தது. மங்கவைத்த லென்ஸையே மாட்டித் திருகினாள். எந்தப் பொருளும் வளையத்தைத் திருகத் திருக ஓரிடத்தில் கெட்டிப்பட்டுக் கண்ணுக்குள் வந்து நிற்கும், இவர் ஒரு மங்கலிலிருந்து இன்னொரு மங்கலுக்குப் போனாரே ஒழிய எங்கும் கெட்டிப்படவில்லை. கண்ணை நம்பிப் பயனில்லை என்று பக்கத்து வீட்டுத் தையல்காரியின் அளவு டேப்பை எடுத்து வந்து, ஒரு முனையைக் கேமராவோடு பிடித்து, மறுமுனையை அவர் கையில் கொடுத்து, வலது கண்ணின் ஓரத்தில் வைத்துக்கொள்ளச் சொன்னாள். தொட்டால் கண் கண்ணாகத்தான் இருந்தது. சரியாக ஒரு மீட்டர். லென்ஸில் ஒன்று என்று பொறித்திருந்த இடத்துக்கு வளையத்தைத் திருப்பி, அழுத்தினாள்.

வலது கண்ணும், புருவமும், அதன் கீழே இரண்டு விரல் அகலத்துக்குக் கன்னமும் தெளிந்தன. அவ்வளவு கிட்டத்தில் அந்த லென்ஸின் தெளிவுக்குக் கனம் ஒரு ரொட்டித் துண்டுதான், முன்னால் இருந்த மூக்கும் பின்னால் இருந்த காதும் அப்படியே கிடந்தன. மூன்று நாள் நாச்சிமுத்து ஒற்றைக் கண்ணோடு ஊருக்குள் போய்வந்தார். டீக்கடைக்காரர் அந்தக் கண்ணைப் பார்த்து நலம் விசாரித்தார். உரிம அலுவலகத்தில் ஒரு கண்ணுக்கு மட்டும் உரிமம் கொடுக்க விதியில்லை என்றார்கள். அடுத்து அவள் காதை எடுத்தாள், காது தெளிந்தது, கண் மங்கிவிட்டது.

ஒன்பதாயிரம் படங்களையும் கணினியில் போட்டு, எதிலாவது அவர் தெளிவாக விழுந்திருக்கிறாரா என்று வரிசையாகப் பார்த்துக்கொண்டே போனாள். எங்கும் இல்லை. ஆனால் ஒரு படத்தில் நின்றாள். லென்ஸ் வாங்கிய புதிதில், எதுவும் மங்குவதற்கு முன்னால், தைப்பூசத்தன்று ஊரோரத்துக் கோயில் குன்றான கரட்டின் மேலிருந்து ஊரை எடுத்தது. அதில் மங்கலே இல்லை, பாறையிலிருந்து ரயில் பாதை வரைக்கும் எல்லாம் ஒரே துலக்கம், எதிலும் கண் தங்கவில்லை, சப்பை என்று அன்றைக்கே ஒதுக்கிவைத்த படம். அதே லென்ஸ், அதே சுருங்காத துளை. அர்த்தநாரிக்கு போன் போட்டாள். ஒரு மாட்டுக்குச் சினை பார்த்துக்கொண்டிருந்த அவர், ஒரு கை வேலையில் இருக்கையிலேயே, ஆமாம், கிட்டே போனால்தான் இந்த லென்ஸ் ஓரவஞ்சனை செய்யும், ஐம்பது அறுபது மீட்டருக்கு மேல் எட்டப் போய்விட்டால் எல்லாமே அதற்கு ஒன்றுதான் என்றார்.

அறுவடை முடிந்த ஒரு வயலின் கோடியில் அவரை நிறுத்தி எட்ட இருந்து எடுத்தாள். மண்கட்டிகள் எண்ணத் தெரிந்தன, தூரத்துப் பனைமரத்தில் தூக்கணாங்குருவிக் கூடு தெரிந்தது, நடுவில் நாச்சிமுத்து கலங்கலாகவே நின்றார். அன்று சாயங்காலம் முழுக்க அவள் யோசித்தாள். அவர் இந்த வயலில் மங்கவில்லை. ஏழு இடங்களில், குடத்தை நகர்த்திய இடத்திலும் நாயை விரட்டிய இடத்திலும், கொஞ்சம் கொஞ்சமாகத் தன்னை விட்டுவிட்டு வந்திருக்கிறார். அந்த ஏழு இடங்களும் அவரும் ஒரே படத்தில் தெளிய வேண்டும். அதற்குக் கரடுதான்.

ஊரில் சேதி பரவியதும் ஊர் இரண்டாகப் பிரிந்தது. கூட்டத்தை முதலில் ரேஷன் கடைச் சந்தில்தான் போட்டார்கள், மனசில் பட்டதைப் பேசலாமே என்று. அங்கே பேசியது செல்லாது என்று யாரோ ஞாபகப்படுத்த, எல்லோரும் எழுந்து சமுதாயக் கூடத்துக்குப் போனார்கள். மாடிவீட்டுக்காரர் சுவரில் இப்போது என்னென்ன விரிசல் இருக்கிறதோ தெரியாது என்றார். தோசை விளக்கு பார்க்க வருகிற கூட்டத்தை நம்பி இரண்டு பஜ்ஜிக் கடை இருக்கிறது என்றார்கள். ஒரு ஆளின் முகத்துக்காக ஊரே முகத்தைக் கழுவ வேண்டுமா என்று பின்வரிசையில் ஒரு குரல் கேட்டது. புஷ்பவல்லி டீச்சர் எழுந்து நின்றாள். எல்லோரும் கணக்காக ஏதோ சொல்லப்போகிறாள் என்று பார்த்தார்கள்.

“எனக்கு அந்தச் சந்து வேணும்” என்றாள். “காரணம் கேக்காதீங்க.” உட்கார்ந்துவிட்டாள்.

அண்ணன் தம்பி இருவரும் கூடத்தின் இரண்டு கோடியில் உட்கார்ந்து தரையைப் பார்த்தார்கள்.

கலாமணிக்குக் கூட்டத்தில் பேசிப் பழக்கமில்லை, ஆனால் தயக்கமும் இல்லை. நான்தான் மங்கவைத்தேன், யாரையும் கேட்டுச் செய்யவில்லை, தெளியவைக்கவும் கேட்டிருக்க மாட்டேன், என்றாலும் படம் என்றால் எதை உள்ளே வைப்பது என்பதைப்போல எதை வெளியே விடுவது என்பதும் இருக்கிறது, படச் சட்டத்துக்கு வெளியே நிற்பதை லென்ஸ் தொடாது, ஏழில் ஒன்றை விட்டுவிடுகிறேன், எது என்று நீங்களே சொல்லுங்கள் என்றாள். கூடம் சிறிது நேரம் சலசலத்துவிட்டு, சந்து என்றது. அப்படியானால் அந்தச் சந்தில் நின்ற நாச்சிமுத்துவின் பங்கு தெளியாதே என்று ருக்குமணி கேட்டார். கலாமணி அதை யோசித்திருக்கவில்லை. திரும்பிப் பார்த்தாள்.

“அங்க ஒரே ஒரு நாள்தானுங்க நின்னேன்” என்றார் நாச்சிமுத்து, கதவோரத்திலிருந்து. “ஒரு காது அளவு போகும். போனாப் போகுது, டீச்சர் போண்டா திங்கட்டும்.”

திங்கட்கிழமை காலை ஆறரைக்கெல்லாம் கலாமணி கரட்டின் மேல் இருந்தாள். உச்சி வெயிலில் எடுக்க முடியாது, துளை சுருங்காத லென்ஸில் வெளிச்சம் வெள்ளமாகப் புகுந்து படத்தை வெள்ளைத்தாளாக்கிவிடும். அதனால் சூரியன் கிடங்குக் கூரையைத் தாண்டி ஒரு முழம் ஏறுகிற நேரத்தைக் கணக்குப் பண்ணி வைத்திருந்தாள். ஆறு இடங்களும் உள்ளே வந்து சந்து மட்டும் வெளியே நிற்க, பாறை பாறையாக ஏறி இறங்கி, இரண்டடி இடம், ஓரடி வலம் என்று நகர்ந்து, கடைசியில் கோயிலுக்குப் பின்னால் ஒரு வழுக்குப் பாறையில் இடம் கிடைத்தது. சல்லிசாக வாங்கிய முக்காலி காற்றுக்கு ஆடியது, பூசாரியிடம் ஆறு தேங்காய் கேட்டு வாங்கி ஒரு துணிப்பையில் போட்டு முக்காலியின் நடுத்தண்டில் தொங்கவிட்டாள், நின்றுவிட்டது. கை பட்டு அசையாமலிருக்க, அழுத்தி இரண்டு நொடி கழித்து எடுக்கும்படி வைத்தாள். வளையத்தைக் கடைசிவரைக்கும், படுத்திருக்கும் எட்டு மாதிரி ஒரு குறி இருக்குமே, அதுவரைக்கும் திருப்பினாள்.

கீழே ஊர் வாசலுக்கு வந்திருந்தது. யாரும் வரச் சொல்லவில்லை, படம் என்றால் வந்து நிற்பதுதான் முறை என்று தலை சீவி, பவுடர் போட்டு வந்து நின்றார்கள். பேருந்து நிலையத்தின் நடுவில், தோளில் போட்ட சிவப்புத் துண்டை வைத்துத்தான் நாச்சிமுத்துவைக் கண்டுபிடிக்க முடிந்தது. இவ்வளவு தூரத்தில் அவர் ஒரு எள். ஆனால் அந்த எள் வலது காலில் பாரத்தைப் போட்டு இடது முட்டியைத் தளர்த்தி நின்ற விதத்தைப் பார்த்ததும், துண்டே தேவையில்லை என்று அவளுக்குத் தோன்றியது. அழுத்தினாள். ஒன்று, இரண்டு.

எண்ணெய்ப் பிசுக்கான விளக்குச் சிம்னியைச் சாம்பல் போட்டுத் துலக்கியதுபோல, பேருந்து நிலையமும் கோயில் வளைவும் பட்டறையும் நூலகமும் மருந்தகமும் மாடிவீடும் ஓரம் கட்டி, கோடு கட்டி, நிறம் பிரிந்து நின்றன. கலாமணி கேமராவின் திரையில் படத்தைப் பெரிதாக்கினாள். நிலையம் வந்தது, நடைமேடை வந்தது, சிவப்பு வந்தது. இன்னும் பெரிதாக்கினாள், முகம் இருக்க வேண்டிய இடத்தில் பழைய கேமராவின் சக்திக்கு நாலைந்து மாநிறச் சதுரங்கள்தான் இருந்தன. அதற்கு மேல் பெரிதாகவில்லை. பார்க்க வேண்டுமென்றால் இறங்கித்தான் போக வேண்டும்.

முக்காலியையும் தேங்காயையும் அப்படியே விட்டுவிட்டு இறங்கினாள். முந்நூறு சொச்சம் படி. அடிவாரத்தில் பூக்காரி தன் கடைக்குப் பின்னால் இருந்த வளைவில் இத்தனை பொம்மை இருக்கிறதா என்று எண்ணிக்கொண்டிருந்தாள். மாடிவீட்டுக்காரர் சுவரோரம் விரலால் தடவியபடி மேஸ்திரிக்கு போன் போட்டுக்கொண்டிருந்தார். அண்ணனும் தம்பியும் பட்டறை வாசலில் ஒருவரையொருவர் நேருக்கு நேர் பார்த்துவிட்டார்கள். இரண்டு பேருக்கும் தலை நரைத்திருந்தது. அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டு ரேஷன் கடைப் பக்கம் நடந்தார், நாலு எட்டு விட்டுத் தம்பியும் அதே பக்கம் நடந்தார். கலாமணி எதற்கும் நிற்கவில்லை.

நாச்சிமுத்து சொன்ன இடத்திலேயே நின்றார். கலாமணி ஒரு மீட்டர் தூரத்தில் நின்று பார்த்தாள். இடது காது ஒரு கைவிரல் ரேகை மாதிரி கலைந்தே இருந்தது, மற்றதெல்லாம் இருந்தது, மச்சம் இடது கன்னத்தில். ஆனால் அது அவள் ஞாபகத்தில் வைத்துக்கொண்டு சோறு போட்ட முகம் இல்லை. மீசை முக்கால்வாசி வெளுத்திருந்தது. கீழ்வரிசையில் ஒரு பல் இல்லை. இடது புருவத்துக்கு மேலே, நெற்றியில் ஏறி, நாலு தையல் போட்டு ஆறிய ஒரு தழும்பு வெள்ளையாக ஓடியது.

“இது எப்ப?” என்று அதன்மேல் விரலை வைத்தாள்.

“அதா. போன ஆடில. பட்டறைல பெயிண்டர் சின்ராசை எடுத்தியல்ல, அன்னைக்கி. பின்னால தகரம் சாஞ்சு போச்சு.”

“என்னையக் கூப்பிடலியே.”

“வெளிச்சம் நல்லா இருக்குதுன்னு சொல்லிட்டிருந்தியே. நானே போய்த் தைச்சிட்டு வந்துட்டேன், நீ அடுத்த படம் எடுக்கறதுக்குள்ள.”

ராசிபுரம் பஸ் உறுமியது. நடத்துநர் பழக்க தோஷத்தில் ஊர்ப்பெயரை மூன்று தரம் கூவினார். உரிம அலுவலகம் திறக்க இன்னும் இரண்டரை மணி நேரம் இருந்தது. கலாமணி கேமராவைக் கழுத்திலிருந்து கழற்றிப் பையில் போட்டு ஜிப்பை இழுத்தாள். அவர் கையைப் பிடித்து நடைமேடைச் சிமெண்டுப் பெஞ்சுக்குக் கூட்டிப்போய், வெளிச்சம் அவர்மேல் விழுகிற பக்கமாக உட்காரவைத்து, முழங்கால் முட்டும்படி எதிரே உட்கார்ந்தாள்.

“அப்பறம் வேற என்னென்ன?” என்றாள்.

நாச்சிமுத்து கொஞ்சம் யோசித்துவிட்டு, சட்டைக் கையை முழங்கைக்கு மேலே சுருட்டினார்.